எந்த வேலை நிலைக்கும்?

(புனே மாவட்டம் சாகண் தொழிற்பகுதியில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் தொழிலாளர் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்கு எளிய விடை இருந்தது. ஐடிஐயில் ஃபிட்டரோ வெல்டரோ படித்தால் ஏதேனும் ஓர் ஆலையில் இடம் கிடைக்கும். நிரந்தரமாகிவிட்டால் ஓய்வு பெறும்வரை கவலை இல்லை. இன்று அந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்திருக்கிறது. ‘இயந்திரம் பறித்துக்கொள்ளாத வேலை எது?’ என்று பெற்றோர் கேட்கின்றனர்.

இக்கேள்வி அச்சத்தில் பிறந்தது, ஆயினும் நியாயமானது. சமூக மாற்றம் வரும்போது எல்லாம் சரியாகும் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துபோகும் ஊழியரிடம் அந்தக் குடும்பம் மறுமுறை எதையும் கேட்காது. மறுபுறம், ‘செயற்கை நுண்ணறிவு படியுங்கள், எதிர்காலம் உறுதி’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு சான்றிதழைக் கொடுத்துவிடுகின்றன. வேலைக்கு அவை பொறுப்பேற்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில், கேட்பவருக்குப் பயன்படும் நேர்மையான விடையைத் தேட வேண்டிய கடமை தொழிலாளி வர்க்கக் கட்சிக்கு உண்டு. அதைத் தேடச் சாகணைவிடப் பொருத்தமான இடம் அரிது.

வெங்காயச் சந்தையும் ரோபோவும்

புனே - நாசிக் நெடுஞ்சாலையில் கேட் தாலுகாவில் உள்ள சாகண், வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பெயர்பெற்ற சந்தை ஊர். இன்று அதன் பெயர் வாகனத் தொழிலோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பஜாஜ் ஆட்டோ இங்கு ஆலை அமைத்தது. 2009இல் ஃபோக்ஸ்வேகனும் மெர்சிடிஸ் பென்சும் வந்தன. 2010இல் மஹிந்திரா வந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகங்கள் செய்யும் நூற்றுக்கணக்கான ஆலைகள் முளைத்தன. மஹாளுங்கே, கராப்வாடி, நானேகர்வாடி முதலிய கிராமங்களில் விவசாயிகளின் வீடுகளுக்குப் பின்னால் வாடகை அறைகள் எழுந்தன. மராத்வாடாவிலிருந்தும் பீகார், உத்தரப்பிரதேசம், ஒடிசாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் அவற்றில் தங்கி ஷிப்டுக்குச் செல்கின்றனர்.

இதே ஊருக்குத்தான் ரோபோவும் வந்தது. வேலியோ தடுப்போ இன்றித் தொழிலாளியின் பக்கத்திலேயே நின்று இயங்கும் இலகுவகை ரோபோக்களை 2010ஆம் ஆண்டிலிருந்தே பஜாஜ் தனது ஆலைகளில் புகுத்தியது; அவற்றின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மஹிந்திரா நிறுவனம் 2025 ஜனவரியில் சாகணில் மின்சாரக் கார் உற்பத்திப் பிரிவை அறிமுகப்படுத்தியபோது, அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோபோக்கள் இயங்குவதாகப் பெருமையுடன் அறிவித்தது.

ஒரு கார் ஆலைக்குள் நடந்து செல்பவருக்கு ஓர் உண்மை கண்ணில் படும். தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு, உடற்பகுதியைப் பற்றவைக்கும் பிரிவு, வண்ணம் பூசும் பிரிவு ஆகியவற்றில் மனிதர்கள் குறைவு. தீப்பொறி பறக்க ரோபோக் கைகளே சுழன்றுகொண்டிருக்கும். இறுதிக் கோப்புப் பிரிவுக்கு வந்தால் காட்சி மாறிவிடும். மின்கம்பிக் கொத்தை வளைத்து நுழைப்பது, இருக்கையைப் பொருத்துவது, கதவின் இடைவெளியைத் தடவிப் பார்த்துச் சரிசெய்வது ஆகிய வேலைகளை மனிதக் கைகளே செய்கின்றன. ஒரே பொருளை, ஒரே இடத்தில், ஒரே விதமாக மீண்டும் மீண்டும் செய்யும் வேலை ரோபோவுக்கு எளிது. வளைந்து நெளியும் கம்பியும் சற்றே மாறி வரும் துளையும் அதற்குக் கடினம்.

அப்படியானால் கோப்புப் பிரிவின் வேலையே நிலைக்கும் வேலை என்று முடிவுகட்டலாமா? இங்கேதான் கவனம் வேண்டும்.

மலிவு என்னும் போலிப் பாதுகாப்பு

இயந்திரம் எப்போது ஆலைக்குள் வருகிறது? அது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக மட்டும் முதலாளி அதை வாங்குவதில்லை. அதன் விலையைவிட, அது வெளியேற்றும் உழைப்புக்குத் தரும் கூலி அதிகமாக இருந்தால்தான் வாங்குகிறார். ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இயந்திரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இதை விளக்குகிறார். இயந்திரங்களின் தாயகமான இங்கிலாந்திலேயே கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைகளுக்குப் பதிலாகப் பெண்கள் பயன்படுத்தப்பட்ட கொடுமையை அவர் சுட்டுகிறார். குதிரைக்கு ஆகும் செலவு கணக்கில் தெரியும். உபரி மக்கள் தொகையைச் சேர்ந்த பெண்ணுக்கு ஆகும் செலவோ கணக்கில் வராத அளவு அற்பமாக இருந்தது.

சாகணின் கோப்புப் பிரிவில் நிற்கும் இளைஞர்களில் பெரும்பகுதியினர் யார்? ஒப்பந்தத் தொழிலாளர், குறித்த காலத் தொழிலாளர், பயிற்சியாளர். 2022-23ஆம் ஆண்டின் தொழில்துறை ஆண்டாய்வின்படி இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் 40 விழுக்காட்டுக்கும் மேல். பயிற்சியாளர்கள் இதற்கு வெளியே. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொழிற்பழகுநர் தொழிலாளர் அல்லர் என்றே கூறுகிறது. 2013இல் கொண்டுவரப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்ட ‘நீம்’ திட்டம், கற்றுக்கொடுப்பதன் பெயரால் உற்பத்தி வரிசைக்கு மலிவான ஆள்களை அனுப்பும் வாயிலாகப் புனே பகுதியில் பயன்பட்டது. திட்டத்தின் பெயர் மாறும், ஏற்பாடு தொடரும்.

இந்த இளைஞர்களின் வேலையை ரோபோ பறிக்காததற்கு விரல்களின் நுட்பம் ஒரு காரணம். கூலி குறைவு என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தால் நிலைக்கும் வேலையைப் பாதுகாப்பான வேலை என்று சொல்ல முடியாது. ஊதியம் உயர்ந்த மறுநாளே அது இயந்திரத்தின் கணக்குக்குள் வந்துவிடும்.

இதன் இன்னும் கொடிய வடிவம் நாடெங்கும் உள்ளது. கழிவுநீர்க் குழாயைத் துப்புரவு செய்ய இயந்திரங்கள் உள்ளன. கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்துள்ளன. ஆயினும் மனிதர்கள் குழிக்குள் இறக்கப்பட்டு நச்சு வாயுவில் மடிகின்றனர். சாதியால் மலிவாக்கப்பட்ட உழைப்பு அங்கே இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. குழந்தைகளையும் நோயாளிகளையும் பேணும் வேலையை எந்த ரோபோவும் எளிதில் செய்துவிடாது. அந்த வேலையைச் செய்யும் அங்கன்வாடி ஊழியருக்கும் ஆஷா பணியாளருக்கும் அரசு தருவது ஊதியம் அன்று, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான். ஆக, இயந்திரத்தைத் தாங்கி நிற்கும் வேலை வேறு, மனிதர் வாழத்தக்க வேலை வேறு. பிள்ளைக்குத் தொழில் தேடும் குடும்பம் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திறன் இருந்தும் தெருவுக்கு வந்தவர்கள்

‘நல்ல கைத்திறன் இருந்தால் போதும்’ என்ற அறிவுரையும் பாதி உண்மையே. பம்பாயின் நெசவாலைத் தொழிலாளர்கள் திறனில் குறைந்தவர்கள் அல்லர். 1928இல் அவர்கள் நடத்திய ஆறு மாத வேலைநிறுத்தத்தின் மையத்தில் இருந்தது இன்றைய கேள்வியேதான். இரண்டு தறிகளைக் கவனித்த நெசவாளி மூன்று தறிகளைக் கவனிக்க வேண்டும் என்று ஆலை முதலாளிகள் வற்புறுத்தினர். அதற்குச் ‘சீரமைப்பு’ என்று பெயரிட்டனர். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினர். அப்போராட்டத்தின் ஊடாகவே செங்கொடியின் கிர்ணி காம்கார் சங்கம் உருவாயிற்று.

1982 ஜனவரியில் அதே நகரில் சுமார் இரண்டரை லட்சம் நெசவாலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது நிலைமை மாறியிருந்தது. உற்பத்தி பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிக் கொட்டகைகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஆலை நின்றிருந்த மண், ஆலையைவிட மதிப்புமிக்கதாகிவிட்டது. பல்லாயிரம் பேர் வேலைக்குத் திரும்பவே இல்லை. நெசவாளியின் கை அதே கைதான். அந்தக் கைக்குத் தறி இல்லாமல் போயிற்று.

சாகணுக்கு அருகிலுள்ள தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008இல் தொடங்கி 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அந்த ஆலை ஹூண்டாய் கைக்குச் சென்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்க, மறைமலைநகர் ஆலை மறு ஆண்டில் மூடப்பட்டது. இவ்விரு இடங்களிலும் தொழிலாளியை இயந்திரம் வெளியேற்றவில்லை. லாபம் போதாது என்று கண்ட மூலதனம், தொழிலாளியோடு இயந்திரத்தையும் சேர்த்தே கைவிட்டது.

மின்சார வாகனத்தின் வருகை அடுத்த அலை. அதில் பெட்ரோல் எஞ்சின் இல்லை. பிஸ்டன், வளைவுத்தண்டு, சைலன்சர், எரிபொருள் பம்பு ஆகியவை தேவையில்லை. அவற்றை மட்டுமே செய்துவந்த சிறு ஆலைகளில் எத்தனை திறமையான டர்னர் இருந்தாலும், அந்த உதிரிபாகத்துக்கே தேவை குறையும்போது அவருடைய திறமை அந்த ஆலையைக் காப்பாற்றாது.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

இவ்வளவுக்குப் பிறகும் கேள்வி அப்படியே இருக்கிறது: எதில் சேர்ப்பது? இதற்குச் சில தெளிவான விடைகள் உண்டு.

முதலாவது, ஒரே இயந்திரத்தை இயக்கக் கற்றுத்தரும் குறுகிய படிப்பைவிட, பல இயந்திரங்களைப் புரிந்துகொள்ள உதவும் அடிப்படைப் படிப்பு நீண்ட நாள் பயன்படும். ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஓராண்டு; ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் ஈராண்டு. கார் உடலில் புள்ளி வைத்துப் பற்றவைக்கும் வேலையை ரோபோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த ரோபோ நடுவழியில் நின்றுவிட்டால், கோளாறு மின்சாரத்திலா, காற்றழுத்தக் குழாயிலா, உணரியிலா, நிரலிலா என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். இயந்திரவியலும் மின்னியலும் கட்டுப்பாட்டு நிரலும் சேர்ந்த பராமரிப்பு வேலைக்குத் தேவை கூடிவருகிறது. வரைபடத்தைப் படிப்பது, நுட்பமாக அளப்பது, கணக்குப் போடுவது ஆகிய மூன்றும் எந்த ஆலைக்கும் கூடவே வரும். பத்தாம் வகுப்பில் கணிதத்தை அஞ்சி ஒதுக்கும் பிள்ளைக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆலை மட்டுமே தொழில் அன்று. வீட்டு மின் பணி, குளிர்சாதனப் பராமரிப்பு, குழாய்ப் பணி, செவிலியர் பணி ஆகியவற்றில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நோயாளியும் வேறு வேறு. அந்த வேறுபாடே இயந்திரத்துக்குத் தடை.

மூன்றாவது, மொழி. சாகணில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மராத்தியும் இந்தியும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் சொல்லைப் புரிந்துகொள்ள மட்டுமல்ல. பக்கத்தில் நிற்கும் தொழிலாளியோடு ஒரு கோரிக்கையைப் பேசவும் அதுவே வழி. தமிழைக் காப்பதற்கு அது தடையாகாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ரோபோவைப் பழுதுபார்ப்பவரின் வேலையும் தானே பாதுகாப்பைத் தந்துவிடாது. பராமரிப்பு முழுவதையும் வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டால், அந்தத் திறமையான இளைஞரும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில்தான் நிற்பார். எனவே ஒரு வேலையைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இங்கே கற்பது வேறோர் ஆலைக்கும் கூட வருமா? இந்த வேலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது? புதிய இயந்திரம் வரும்போது தொழிலாளியைக் கேட்பார்களா? முதல் கேள்விக்குப் படிப்பு விடை தரும். மற்ற இரண்டுக்கும் சங்கம்தான் விடை தரும்.

ஒரே நிறுவனம், இரண்டு நாடுகள்

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றத்தைச் செய்வதற்கு முன் 21 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்றன. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய தொழில் உறவுகள் தொகுப்பிலும் அறிவிப்புக் கடமை எஞ்சியிருக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. சாகணின் உதிரிபாக ஆலைகளில் பல இந்த வரம்புக்குக் கீழே இருப்பவை. அதே தொகுப்பு ‘மறுதிறன் நிதி’ ஒன்றையும் அறிவிக்கிறது: ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியம். ஃபிட்டர் படிப்புக்கே ஈராண்டு வேண்டும். பதினைந்து நாள் கூலியில் நாற்பது வயதுத் தொழிலாளி எந்தப் புதிய தொழிலைக் கற்பார்?

சாகணில் ஆலை வைத்திருக்கும் ஃபோக்ஸ்வேகன் தன் தாய்நாட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாம். 2024இல் அந்நிறுவனம் ஜெர்மனியில் ஆலைகளை மூடும் திட்டத்தை முன்வைத்தது. ஐஜி மெட்டல் சங்கம் எச்சரிக்கை வேலைநிறுத்தங்களை நடத்தியது. டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்கள் குறையும். ஆனால் கட்டாய ஆட்குறைப்பு இல்லை, உடனடி ஆலை மூடல் இல்லை. தொழிலாளர்கள் ஊதிய உயர்வையும் ஊக்கத்தொகையையும் பெருமளவு விட்டுக்கொடுத்தனர். இது முழு வெற்றி அன்று. ஆயினும் அந்நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரியவை. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே அவர்கள் அந்த மேசையில் இருக்கின்றனர். சாகணின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை இல்லை என்பது பல நேரம் வாயிலில் அடையாள அட்டை செயல்படாதபோதுதான் தெரியவருகிறது.

சாகணில் போராட்டமே இல்லை என்பதில்லை. 2013 ஜூன் 25 அன்று பஜாஜ் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ 50 நாள் நீடித்தது. ஊதிய உயர்வோடு, தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நிறுவனத்தின் 500 பங்குகளைச் சலுகை விலையில் தர வேண்டும் என்ற வழக்கத்துக்கு மாறான கோரிக்கையும் அதில் இருந்தது. உற்பத்தித் திறன் உயர்ந்ததன் பயனில் பங்கு வேண்டும் என்பதே அதன் பொருள். முக்கியக் கோரிக்கைகள் ஏற்கப்படாமலேயே போராட்டம் முடிவுக்கு வந்தது. ஒரே ஆலையின் நிரந்தரத் தொழிலாளர் தனித்து நின்றால், உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றுவோம் என்று நிர்வாகம் மிரட்ட முடியும் என்பது அதன் பாடம்.

இயக்கம் கற்க வேண்டியது

இந்தியத் தொழிற்சங்க இயக்கம் கணினியை எதிர்த்தது என்ற பழியை முதலாளித்துவ ஏடுகள் இன்றும் சொல்கின்றன. நடந்ததை நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1960களில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள் கல்கத்தாவில் கணினி நிறுவுவதைத் தடுத்தபோது, வேலையின்மை மிகுந்த நாட்டில் அது ஒரு தலைமுறையின் வேலைக்கான போராட்டமாக இருந்தது. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களோடு ஊழியர் சங்கங்கள் செய்த உடன்பாடு, இயந்திரங்களை எங்கே, எந்த அளவில் புகுத்தலாம் என்பதற்கு வரம்பு விதித்தது. தொழில்நுட்பத்தைப் பேச்சுவார்த்தைக்கு உட்படுத்த முடியும் என்று அது காட்டியது.

அதன் குறையும் வெளிப்படையானது. பின்வந்த ஆண்டுகளில் வங்கிக்குள் இருந்தவர்கள் பெருமளவு காக்கப்பட்டனர்; புதிய நியமனங்கள் சுருங்கின; வெளி ஒப்பந்தம் பெருகியது. உள்ளே இருந்தவரைக் காத்த உடன்பாடு, வெளியே விண்ணப்பத்தோடு காத்திருந்த அவருடைய பிள்ளையைக் காக்கவில்லை. சாகணின் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் ஊதிய ஒப்பந்தம் போட்டுவிட்டு, பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் பயிற்சியாளரை மறந்துவிடும் சங்கம் அதே தவற்றைச் செய்கிறது. ‘எந்த வேலை நிலைக்கும்?’ என்று கேட்கும் குடும்பத்தில் தந்தை நிரந்தரத் தொழிலாளி, மகன் பயிற்சியாளன். இருவரும் ஒரே சங்கத்தில் இல்லாவிட்டால் அக்கேள்விக்கு விடை இல்லை.

எனவே உடனடிப் பணிகள் தெளிவானவை. ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் புதிய இயந்திரம் பற்றிய முன்னறிவிப்பும் கலந்தாலோசனையும் இடம்பெற வேண்டும். மறுபயிற்சி வேலை நேரத்தில், முழு ஊதியத்தோடு, நிர்வாகச் செலவில் நடைபெற வேண்டும். உற்பத்தித் திறன் உயர்வின் பயன் வேலை நேரக் குறைப்பாகவும் தொழிலாளிக்கு வர வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற கோரிக்கை பயிற்சியாளருக்கும் பொருந்த வேண்டும். அரசு ஐடிஐகளில் பழைய இயந்திரங்களை மாற்றவும் காலியாக உள்ள பயிற்றுநர் பணியிடங்களை நிரப்பவும் இளைஞர் அமைப்புகள் போராட வேண்டும். குடியிருப்புகளில் தேர்வு முடிவுக் காலத்தில் கட்சிக் கிளைகள் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்து, அந்தந்த ஆலைகளில் வேலை செய்யும் தோழர்களைக் கொண்டே தொழில் வழிகாட்டிக் கூட்டங்களை நடத்த வேண்டும். எந்தப் பிரிவில் ஆள் குறைகிறது, எதில் கூடுகிறது என்பது அவர்களுக்கு எந்த ஆலோசகரையும்விட நன்றாகத் தெரியும்.

இயந்திரத்தையும் அதை மூலதனம் பயன்படுத்தும் விதத்தையும் பிரித்தறியத் தொழிலாளர்களுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் எழுதினார். முதுகொடியும் பற்றவைப்பு வேலையையும் வண்ணப் புகையைச் சுவாசிக்கும் வேலையையும் ரோபோ செய்வது நல்லதுதான். அதனால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சேர வேண்டும் என்பதே தகராறு.

தோழர்களே, பிள்ளைகளை நன்றாகப் படிக்க வையுங்கள். கணக்கையும் கைத்தொழிலையும் சேர்த்தே கற்கட்டும். ஆலைக்குள் சென்ற முதல் மாதத்திலேயே, பயிற்சியாளராக இருந்தாலும், சங்கத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் தேடி வரும்போது சங்கத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருப்பதை உறுதிசெய்வது இங்கு கூடியிருக்கும் ஒவ்வொரு தோழரின் பொறுப்பு.